பெஞ்சின் மறுமுனை

தாராவி, பம்பாய்
14-6-1964

அன்புள்ள செண்பகத்துக்கு,

உன் அத்தான் பூலோகம் எழுதுவது. நீ ஊர் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. வந்தது ஒரே ஒரு கார்டு, அதிலும் நாலு வரி. அந்த நாலில் இரண்டு வரி ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததைப் பற்றி. கோபம் இன்னும் இறங்கவில்லை என்று தெரிகிறது.

ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டுத்தான் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவார்கள், என்னை ஐந்தாம் மாதமே மூட்டை கட்டிவிட்டீர்களே என்று வி.டி. ஸ்டேஷனில் நாலு பேர் பார்க்கக் கேட்டாய். வயிற்றுப் பிள்ளையோடு நீ என் இரும்புப் பெஞ்சைத் தூக்குகிறாய் என்று அத்தைக்கு எழுதியது நான்தான், மறுக்கவில்லை. மாமா அடுத்த ரயிலிலேயே வந்து நிற்பார் என்று நினைக்கவில்லை. எப்படியானாலும் பிள்ளைக்கு நல்லது.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்துப் பெஞ்சு நனைந்தது. போதாததற்கு நான் பளு தூக்கும் கம்பியைக் கீழே போடும்போதெல்லாம் பலகை இடுக்கு வழியாகக் கீழ் வீட்டு அன்னத்தாயின் இட்லி மாவில் மண் கொட்டுகிறதாம். "மேல இரும்பு போடுதியளா, என் மாவுல மண்ணு போடுதியளா?" என்று மாடிப்படியில் நின்று சத்தம் போட்டாள். அதனால் பெஞ்சை ஜன்னலோரத்திலிருந்து குளிக்கிற மூலை, அந்த மோரிப் பக்கம் நகர்த்திவிட்டேன். இப்போது அறையில் கை காலை நீட்டி உட்காரலாம், ஆனால் குளிக்க மோரிக்குள் போகும்போது முழங்காலில் இடிக்கிறது.

காலை ஐந்து மணிப் பயிற்சி வழக்கம்போல நடக்கிறது. மாட்டுங்கா வியாயாமசாலையில் பளு தூக்கும் போட்டி தீபாவளி கழிந்து வருகிறது. முருங்கைக்கீரை சாப்பிடு.

அன்புடன்,
பூலோகம்


வள்ளியூர்
21-6-1964

அன்புள்ள அத்தானுக்கு,

செண்பகவல்லி எழுதிக்கொள்வது. முருங்கைக்கீரை தினமும் சாப்பிடுகிறேன். அம்மா விடுவதில்லை.

உங்கள் கடிதத்தில் மழை இருக்கிறது, மாவு இருக்கிறது, முழங்கால் இருக்கிறது. பெஞ்சை மட்டும் "நகர்த்திவிட்டேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். அத்தான், அந்தப் பெஞ்சை ஒரு ஆளால் நகர்த்த முடியாது. இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருஷமாக மறுமுனையைப் பிடித்தவள் நான்.

செம்பூர் ஒர்க்‌ஷாப்பில் நீங்களே வெல்டு வைத்துக் கொண்டுவந்த பெஞ்சு அது. இருநூறு ராத்தல் என்று அப்போது பெருமையாகச் சொன்னீர்கள். தரையில் இழுத்தால் கால் பலகை இடுக்கில் மாட்டிப் பலகையே பெயர்ந்து வரும். இரண்டு பக்கமும் ஒன்றாகத் தூக்கி, நாலு எட்டு வைத்து, ஒன்றாக இறக்க வேண்டும். தலைமாட்டில் நீங்கள், கால்மாட்டில் நான். கூட்டிப் பெருக்க ஒரு தடவை, விருந்தாள் வந்தால் ஒரு தடவை, பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஒரு தடவை. நீங்கள் "ம்" என்பீர்கள், நான் தூக்குவேன். கல்யாணமான புதிதில் நாம் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அந்த "ம்" தான் எனக்குப் பேச்சு.

இப்போது யாரிடம் "ம்" என்று சொன்னீர்கள்?

வேறொன்றும் கேட்கவில்லை. பதில் எழுதவும். கால் வீக்கம் கொஞ்சம் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

செண்பகம்


தாராவி
29-6-1964

அன்புள்ள செண்பகம்,

கால் வீக்கத்துக்கு அத்தையிடம் சொல்லி வெந்நீர் ஊற்றச் சொல். தரையில் கிடக்காதே.

பெஞ்சைப் பிடித்தது ஒர்க்‌ஷாப் ஆள். உனக்குத் தெரியாது. புதிதாகச் சேர்ந்தவன், சுயம்பு என்று பெயர். வந்தான், பிடித்தான், டீ குடித்தான், போனான். இதற்கு ஒரு பக்கம் எழுதுவார்களா?

மோரி ஈரத்தில் பெஞ்சின் கால் துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டது. அதனால் மறுபடி நகர்த்தி வாசல் பக்கம் போட்டிருக்கிறேன். கதவு முழுதாகத் திறக்கவில்லை, பாதிதான் திறக்கிறது. பிச்சையா உள்ளே வரப் பார்த்துத் தொப்பை இடித்து நின்றுவிட்டான். பக்கத்து அறையில் இருந்துகொண்டு சும்மா எட்டிப் பார்ப்பதே அவனுக்கு வேலை. அடுத்த வாரம் லீவில் ஊருக்கு வருகிறான். உனக்குப் பம்பாய் அல்வாவும் இரண்டு பூனா சேலையும் கொடுத்தனுப்புகிறேன்.

சமையல் ஒன்றும் கஷ்டமில்லை. காலையில் இட்லி கிடைத்துவிடுகிறது.

பூலோகம்


வள்ளியூர்
12-7-1964

அன்புள்ள அத்தானுக்கு,

சேலை வந்தது. அல்வா வந்தது. பிச்சையா அண்ணனும் வந்தார், திண்பண்டத்தோடு சேதியும் கொண்டுவந்தார்.

நான் ஒன்றும் தோண்டிக் கேட்கவில்லை. அறையில் இப்போது கதவு திறக்கிறதா என்று மட்டும் கேட்டேன். "எங்க தங்கச்சி தெறக்கு? அன்னத்தாயே ஒருக்களிச்சுத்தான் வெளிய வாரா" என்றார். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் மோர் கொடுத்து உட்கார வைத்தேன். மோர் முடிவதற்குள் எல்லாம் சொல்லிவிட்டார். இரண்டு தடவை பார்த்தாராம். இரண்டு தடவையும் அன்னத்தாய் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, கையில் ஒட்டிய துருவைச் சேலையில் துடைத்துக்கொண்டு நம் அறையிலிருந்து இறங்கினாளாம்.

ஆக, சுயம்பு என்று பெயர், சேலை கட்டியிருக்கிறான், இட்லி விற்கிறான்.

அவளை எனக்குத் தெரியாதா? புருஷன் கப்பலில் வேலை, வருஷத்துக்கு ஒருமுறை தலையைக் காட்டுகிறான். கொப்பரை நிறைய இட்லியை ஒற்றையாகத் தலையில் தூக்கிக்கொண்டு ரயில் பாதையைத் தாண்டிப் போகிறவள். குழாயடியில் இரண்டு குடத்தை இரண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று கதை பேசுவாள். அப்போது நானே அசந்து பார்த்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. பிள்ளை புரண்டு படுக்கிறது, அதற்கும் தெரிகிறது போல.

நம் சால் கட்டடத்தில் அறைக்கு அறை முப்பது ஆம்பிளைகள் இருக்க, உங்களுக்கு அவள்தானா கிடைத்தாள்?

இங்கேயும் ஆள் இல்லாமல் இல்லை. கணேசபாண்டியன் அத்தான் வாரம் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிறார். அம்மாவால் முடியாது என்று நெல் மூட்டையை உள்ளே கொண்டுவந்து போட்டார். யாரையும் மறுமுனை பிடிக்கச் சொல்லவில்லை. போன வாரம் கோயில் கொடையில் இளவட்டக்கல்லை மறுபடி தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டாராம். எல்லாரும் பேசிக்கொண்டார்கள், காதில் விழுந்தது.

செண்பகவல்லி


தாராவி
20-7-1964

செண்பகவல்லிக்கு,

அவனை அத்தான் என்று எனக்கு எழுதாதே. முறை இருக்கலாம். பேப்பரில் வேண்டாம்.

எனக்கு மறந்துவிட்டது என்று நினைக்கிறாயா? மூன்று வருஷத்துக்கு முன்னால் உன்னைக் கேட்டு இரண்டு முறைமாப்பிள்ளைகளும் வந்து நின்றோம். கல்லைத் தூக்குங்கடா என்று ஊர்க்காரர்கள் வேடிக்கைக்குக் கிளப்பிவிட்டார்கள். அவன் அந்த உருண்டைக் கல்லை முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளுக்குப் பின்னால் போட்டான். எனக்கு முழங்காலோடு நின்றுவிட்டது. அப்படியும் நீ என்னைத்தான் கட்டுவேன் என்றாய். உங்கப்பா முகத்தை நான் பார்த்தேன். ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான் பம்பாயில் இந்த இரும்பை வாங்கிச் சேர்த்தேன். ஒருநாள் கொடைக்கு வந்து அந்தக் கல்லை அவன் முன்னால் தூக்க வேண்டும். உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆமாம், அன்னத்தாய்தான் பிடித்தாள். சுயம்பு என்று எழுதியது பொய். நீ இப்படிக் குதிப்பாய் என்று தெரிந்துதான் பொய் சொன்னேன். அவளிடம் ஒரு தப்பும் இல்லை. கூப்பிட்டால் வருகிறாள், வேலை முடிந்ததும் போகிறாள். உண்மையைச் சொன்னால் நல்ல பிடிமானம் அவளுக்கு. நீ பிடித்தால் நடுவில் ஒருமுறை இறக்கி மூச்சு வாங்க வேண்டும். அவள் ஒரே தூக்கில் கொண்டுபோய் வைத்துவிடுகிறாள்.

தொட்டில் கட்ட ஜன்னலோரம் உத்தரத்தில் கொக்கி போட்டிருக்கிறேன். தொட்டிலுக்குக் காற்று வரக் கதவு முழுதாகத் திறக்க வேண்டுமே, அதற்காகப் பெஞ்சை வாசலிலிருந்து மறுபடி மோரிப் பக்கமே போட்டாயிற்று. நீ வந்து பார்.

அந்த ஆளை வீட்டுக்குள் விடாதே. நெல் மூட்டைக்குக் கூலி ஆள் இல்லையா?

பூலோகம்


வள்ளியூர்
28-7-1964

அத்தானுக்கு,

ஒரே தூக்கில் கொண்டுபோய் வைக்கிறாளா? ரொம்பச் சந்தோஷம்.

நடுவில் இறக்கி மூச்சு வாங்கும்போது நீங்கள் என் நெற்றி வியர்வையைத் துடைத்துவிடுவீர்கள். அதற்காகவே சில நாள் முடியாதது போல இறக்கியிருக்கிறேன். உங்களுக்கு அது பலக்குறைவாகத் தெரிந்திருக்கிறது.

எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. பிள்ளை இங்கே பிறக்கும், தொட்டிலும் இங்கேயே ஆடும். அந்தப் பெஞ்சும் அதைப் பிடிக்கிற கையும் இருக்கிற அறைக்கு நான் வரமாட்டேன். பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் ஆனதும் கொண்டுவந்து விடச் சொல்லி நீங்கள் எழுதினாலும் வரமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

இதற்குப் பதில் வேண்டாம். வந்தாலும் பிரிக்கமாட்டேன்.

செண்பகவல்லி


ஆஸ்பத்திரி, பம்பாய்
16-9-1964

என் செண்பகத்துக்கு,

இதற்கு முன் எழுதிய மூன்றையும் நீ பிரிக்கவில்லை என்று மாமா எழுதியிருந்தார். உறைமேல் ஆஸ்பத்திரி என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்தாவது பிரிப்பாய்.

பயப்படாதே. எனக்குக் குடலிறக்கம். ஆபரேஷன் முடிந்து இன்று ஏழாம் நாள். தையல் பிரித்துவிட்டார்கள். ஆறு மாதத்துக்குத் தண்ணீர்க் குடத்துக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்கிறார் டாக்டர். கம்பியை இனித் தொடவே வேண்டாம் என்றார்.

இது இப்போது வந்ததில்லை. மே மாதம் முதல் வாரம் கம்பியைத் தலைக்கு மேல் ஏற்றும்போது அடிவயிற்றில் என்னவோ பிய்ந்தது. மறுநாள் அங்கே எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது. அந்த வாரம் நாம் பெஞ்சை நகர்த்தினோமே, "என்ன அத்தான், இன்னைக்கு என் பக்கம் கனமா இருக்கு?" என்று நீ கேட்டாய். பெஞ்சு சாய்ந்திருக்கும் என்று மழுப்பினேன். அன்றைக்கே அத்தைக்குக் கார்டு எழுதிவிட்டேன். நீ தூக்குவது பிள்ளைக்கு ஆகாது என்பது உண்மைதான். ஆனால் நான் எழுதியது அதற்காக மட்டும் இல்லை. இன்னும் ஒரு தடவை தூக்கினால் நீ கண்டுபிடித்துவிடுவாய். உன்னை ஐந்தாம் மாதமே அனுப்பியது அந்தப் பயத்தில்தான்.

அப்புறம் தினமும் ஐந்து மணிக்கு எழுந்து, கம்பியில் மாட்டும் இரும்பு வட்டு ஒன்றை மட்டும் நிமிர்த்தித் தொப்பென்று தரையில் போடுவேன். பக்கத்து அறைப் பிச்சையாவுக்குச் சத்தம் கேட்க வேண்டுமே. அவன் ஏமாந்தான். கீழே இருந்த அன்னத்தாய் ஏமாறவில்லை. மாவில் மண் விழுகிறது என்று சண்டைக்கு வந்தவள், "முன்ன முப்பது தடவ விழும், இப்ப ஒரு தடவதான் விழுது. உடம்புக்கு என்ன செய்யுது?" என்று கேட்டாள். அப்போது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தேன். பேருக்குப் பிடித்தால் போதும் என்று சொல்லித் தன் பக்கம் முக்கால் பாரத்தை வாங்கிக்கொண்டு அவள்தான் நகர்த்தினாள். ஒரே தூக்கு என்று நான் பெருமையடித்தது அதைத்தான்.

முப்பது ஆம்பிளைகள் இருக்க அவள்தானா என்று கேட்டாய். முப்பது பேரும் நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள். ஒருத்தனைக் கூப்பிட்டாலும் அடுத்த தபாலில் கணேசபாண்டியனுக்குப் போய்விடும், கல்லைத் தூக்க முடியாதவன் இரும்பைத் தூக்கி விழுந்தான் என்று. அன்னத்தாய்க்குத் தூத்துக்குடிப் பக்கம். நம் ஊரில் அவளுக்கு ஒரு ஈ காக்கையையும் தெரியாது. நீ என்னைச் சந்தேகப்பட்டாலும் பரவாயில்லை, அவன் சிரிக்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. நீ எனக்கு முக்கியமா, அவன் முக்கியமா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். கட்டிலில் படுத்துக்கொண்டு ஏழு நாளாக இதைத்தான் யோசிக்கிறேன்.

போன வாரம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வரும்போது மாடிப்படியில் சுருண்டுவிட்டேன். டாக்சி பிடித்து இங்கே கொண்டுவந்து சேர்த்தது அவள்தான். தினமும் இட்லி கொண்டுவந்து கொடுக்கிறாள்.

உனக்கு மாதம் ஆகிவிட்டது. என்ன சேதி என்று தெரியாமல் தவிக்கிறேன். திட்டியாவது ஒரு கார்டு போடு. சாலில் எல்லாரிடமும் வெறும் வயிற்றுவலி என்றுதான் சொல்லியிருக்கிறது, இந்தக் குடலிறக்க விஷயம் மட்டும் நம் இருவரோடு இருக்கட்டும்.

உன்,
பூலோகம்


வள்ளியூர்
9-10-1964

அன்புள்ள அத்தானுக்கு,

பெண் பிள்ளை. போன மாதம் இருபத்திரண்டாம் தேதி காலையில் பிறந்தாள். அப்பா தந்தி அடித்தாரே, கிடைத்திருக்கும். உங்கள் மூக்கு, உங்கள் பிடிவாதம். பாலுக்கு அழுதால் தெரு முனை வரைக்கும் கேட்கிறது.

ஆஸ்பத்திரி என்று பார்த்ததும் நின்ற இடத்திலேயே பிரித்தேன். வாசித்துவிட்டு அழுதேன். பிரசவம் நெருங்கிய நேரத்தில் அழக் கூடாது என்று அம்மா அதட்டினாள். எதற்கு அழுகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. என் பக்கம் கனமாக இருந்த அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வருஷம் பிடித்த கை, ஒரு நிமிஷத்தில் நீங்கள் சொன்ன பொய்யை நம்பிவிட்டது. கீழே இருந்தவளுக்குச் சத்தத்திலேயே தெரிந்திருக்கிறது. அதை நினைக்கும்போது அவள் உங்களோடு சிரித்துப் பேசியிருந்தால்கூட இவ்வளவு பொறாமை வந்திருக்காது என்று தோன்றுகிறது.

பிள்ளை பிறந்தபிறகு இன்னொரு தடவை வாசித்தேன். இட்லி என்ற வரி அப்போதுதான் கண்ணில் பட்டது. அதை நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளை பார்க்கக் கணேசபாண்டியன் அத்தான் வந்தார். முறை அதுதான், அப்படித்தான் எழுதுவேன். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். பிச்சையா அண்ணனின் அம்மா இருந்தாள், முருகம்மாள் பெரியம்மா இருந்தாள். "மாப்பிள்ள இரும்பு தூக்கி ஆளே பெருத்திருப்பாரே?" என்று அவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். நான் சொல்லிவிட்டேன். குடலிறக்கத்தைச் சொன்னேன், ஆபரேஷனைச் சொன்னேன், இனிக் கம்பியைத் தொடக் கூடாது என்றதைச் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

பொய் சொல்லமாட்டேன், அவர் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். நான் எழுந்து போய் அவர் மடியிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டேன். "கல்லத் தூக்குனவுகள வேண்டாம்னுதான் இவுகளக் கட்டிக்கிட்டேன், இப்பவும் அப்படித்தான்" என்றேன். வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அப்புறம் அவர் காப்பி குடிக்காமல் போய்விட்டார். அப்பா என்னைத் திட்டவில்லை. சாயங்காலம் கடைத்தெரு வரைக்கும் சேதி போய்விட்டது என்று பெரியம்மா வந்து சொன்னாள்.

உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். நீங்கள் என்னை அம்மாவிடம் சொல்லிக்கொடுத்தீர்கள், நான் உங்களை ஊரிடம் சொல்லிக்கொடுத்துவிட்டேன். ஆனால் பழி வாங்கச் சொல்லவில்லை. இதை நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். ஆம்பிளைகளுக்குத் தெரிந்துவிடும் என்றுதானே அவளைக் கூப்பிட்டீர்கள்? இப்போது எல்லாருக்கும் தெரியும். மறைக்க ஒன்றும் இல்லை. ஆகவே அவளைக் கூப்பிடவும் ஒரு காரணம் இல்லை.

பிச்சையா அண்ணன்தான் லீவு முடிந்து அங்கே திரும்பிவிட்டாரே. அவரையும் இன்னும் மூன்று பேரையும் கூப்பிடுங்கள். பெஞ்சை எங்கே வேண்டுமானாலும் போடச் சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே போடட்டும். நீங்கள் ஒரு முனையையும் தொடக் கூடாது.

ஐந்து மாதம் இருந்துவிட்டுப் போ என்கிறாள் அம்மா. நாற்பத்தோராம் நாள் தலைக்குத் தண்ணீர் விட்டதும் கிளம்புகிறேன். அப்பா கூட வருகிறார். வி.டி.க்கு நீங்கள் வாருங்கள். பெட்டிக்குக் கூலி ஆளைப் பிடித்துக்கொள்வோம்.

அன்னத்தாய் உங்களைக் காப்பாற்றியிருக்கிறாள், அது பெரிய காரியம். இந்த ஜென்மத்துக்கு நான் அவளுக்குக் கடமைப்பட்டவள். நான் வந்து சேலை எடுத்துக் கொடுத்து, அவள் கையைப் பிடித்து நன்றி சொல்கிறேன். நீங்கள் இதுவரைக்கும் அவளுக்கு நன்றி சொன்னது போதும்.

செண்பகம்